புகை பாய்லரில், பழி துவைக்கும் கல்லில்

புதிதாக ஒரு பருத்திச் சட்டையோ பனியனோ வாங்கினால், கழுத்துப் பட்டியிலோ பக்கவாட்டுத் தையலிலோ சிறு துணிப்பட்டை ஒன்று இருக்கும். குளிர்ந்த நீரில் துவைக்கவும், டிரையரில் போட வேண்டாம், மிதமான சூட்டில் இஸ்திரி போடவும் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். துணி கெடாமல் இருப்பதற்காகச் சொல்லப்பட்ட அந்த அறிவுரைதான் இன்று பூமியைக் காக்கும் அறிவுரையாக வலம் வருகிறது. ஆடை நிறுவனங்களின் அறிக்கைகளிலும் கல்லூரிக் கருத்தரங்குகளிலும் நாளிதழ் இணைப்புகளிலும் ஒரே பாடம்தான்: ஒரு பருத்தி உடையின் கார்பன் தடத்தில் பெரும்பங்கு, உடுத்துபவர் அதைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போடுவதில் இருக்கிறது. ஆகவே குறைவாகத் துவையுங்கள், புவி வெப்பமாவதைத் தடுங்கள்.

இந்தப் பாடம் நமக்குப் பொருந்தாது. வாளியில் ஊறவைத்துக் கல்லில் துவைத்து மொட்டைமாடிக் கொடியில் காயப்போடும் ஒரு சமூகத்தின் மேல், வெந்நீர் இயந்திரமும் மின்சார டிரையரும் வைத்திருக்கும் சமூகத்தின் கணக்கை ஏற்றிவைக்கிறார்கள். கணக்கு பிழையாவதோடு இது நிற்கவில்லை. நூற்பாலையின் மின்சாரமும் சாயப்பட்டறையின் பாய்லரும், இந்த விலைக்கு இந்தத் தேதிக்குள் வேண்டும் என்று நெருக்கும் ஆர்டரும் இந்தப் பாடத்தின் நிழலில் ஒளிந்துகொள்கின்றன. பொறுப்பேற்க வேண்டியவர்கள் நழுவ, வீட்டில் துணி துவைப்பவர் குற்றவாளி ஆகிறார்.

கணக்கு எந்த ஊருடையது?

இந்தக் கருத்துக்கு வலுச்சேர்த்த ஆவணங்களில் மிகவும் பேசப்பட்டது லீவைஸ் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வாழ்நாள் கணக்கு. அமெரிக்கச் சந்தைக்கான ஒரு 501 ஜீன்ஸ், பருத்தி வயலில் தொடங்கிக் குப்பைக்குப் போகும்வரை 33.4 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான வாயுக்களை வெளியிடுகிறது என்றது அது. அதில் 12.5 கிலோ, அதாவது 37 சதவீதம், வாங்கியவர் வீட்டில் நடக்கும் பராமரிப்பால் வருவது. தனித்தனி இனங்களாகப் பார்த்தால் அதுவே முதலிடம். அதற்கு முந்தைய ஆண்டே அந்நிறுவனத்தின் அப்போதைய தலைவர் சிப் பெர்க், தாம் அணிந்திருந்த ஜீன்ஸ் ஓராண்டாகச் சலவை இயந்திரத்தைப் பார்த்ததில்லை என்று ஒரு மாநாட்டு மேடையில் சொன்னது உலகச் செய்தியானது.

அந்த ஆய்வைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க வீட்டுக்கு அது சரியான கணக்குதான். அங்கே பத்தில் எட்டு வீடுகளுக்கு மேல் டிரையர் இருக்கிறது. ஒருமுறை ஓடினால் இரண்டு முதல் நான்கு யூனிட் மின்சாரத்தை விழுங்கும் கருவி அது. துவைக்கும் தண்ணீரும் பல வீடுகளில் சூடாக்கப்படுகிறது. அப்படிப்பட்ட வீட்டில் சலவை முதலிடம் பிடிப்பதில் வியப்பில்லை. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஆகிய நான்கு நாடுகளின் பழக்கங்களையும் அந்த ஆய்வு ஒப்பிட்டது. நாட்டுக்கு நாடு சலவைப் பழக்கம் மாறுகிறது, அதனால் கணக்கும் மாறுகிறது என்பது ஆய்விலேயே இருக்கிறது. நம்மிடம் வந்துசேரும்போது அந்தப் பகுதி உதிர்ந்துவிட்டது. 37 சதவீதம் மட்டும் ஊர் ஊராகப் போயிற்று.

அதே அட்டவணையின் மற்ற வரிகளையும் வாசித்துப் பார்க்கலாம். பருத்தி விளைவிக்க 2.9 கிலோ. நூற்று, சாயமிட்டு, துணியாக்க 9 கிலோ. வெட்டித் தைத்துச் சீர்செய்ய 2.6 கிலோ. போக்குவரத்துக்கும் கடைக்கும் 3.8 கிலோ. பித்தான், அட்டைப்பெட்டி, கடைசியில் குப்பை எல்லாம் சேர்த்து 2.6 கிலோ. ஆக, டிரையர் ஓடும் அமெரிக்க வீட்டிலேயே 63 சதவீதம் வீட்டுக்கு வெளியேதான் உருவாகிறது. 37-ஐத் தலைப்பில் போட்டவர்கள் 63-க்கு ஒரு வரியும் ஒதுக்கவில்லை. வயலின் கார்பனைப்போல மூன்று மடங்கு, துணியாக்கும் ஆலைகளில் வெளியாகிறது என்ற செய்தியும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. அதையும் யாரும் எடுத்துப் பேசவில்லை.

நம் வீட்டுக் கணக்கு

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இந்திய வீடுகளில் சலவை இயந்திரம் வைத்திருப்பவர்களே சிறுபான்மையினர். கையால் துவைத்து வெயிலில் காயவைப்பவரின் மின்சாரச் செலவு, தண்ணீர் ஏற்றும் மோட்டாரோடு சரி. அவர்களை விட்டுவிட்டு, இயந்திரம் வைத்திருக்கும் குடும்பத்தையே கணக்குப் போடுவோம். குளிர்ந்த நீரில் ஓடும் சாதாரண இயந்திரம் ஒருமுறைக்குச் சுமார் 0.2 யூனிட் எடுக்கும். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. அப்படியானால் ஒருமுறை ஓட 140 கிராம். இருபது துணி போட்டால் ஒரு துணிக்கு 7 கிராம். சோப்புத்தூளின் பங்கையும் சேர்த்து அதை இரட்டிப்பாக்கினாலும், ஐம்பது முறை துவைத்த பனியனுக்கு 700 கிராம்தான் வரும். கொடியில் காயவைக்கச் செலவு எதுவும் இல்லை.

இஸ்திரி இதைவிடக் கனமானது. ஆயிரம் வாட் பெட்டியில் ஒரு சட்டைக்கு நான்கு நிமிடம் ஆனால் 45 கிராம் அளவுக்கு வரும். துவைப்பதைப்போல ஆறு மடங்கு. 2024 மே மாதத்தில் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் இதைத்தான் கையில் எடுத்தது. அதன் தலைமை இயக்குநர், தமிழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானி கலைச்செல்வி, திங்கட்கிழமைகளில் இஸ்திரி போடாத உடையில் பணிக்கு வரும் இயக்கத்தை அறிவித்தார். ஒரு ஜோடி உடைக்கு இஸ்திரி போடுவதால் 200 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்பது அவர்கள் சொன்ன கணக்கு. நல்ல முயற்சி. நம் நாட்டுப் பழக்கத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு என்பதால் அதை மதிக்கிறேன். ஆனால் அதன் அளவையும் பார்க்க வேண்டும். ஓர் ஆண்டின் 52 திங்கட்கிழமைகளும் கசங்கிய உடையில் போனால் மிச்சமாவது பத்தரைக் கிலோ. ஒரு ஜீன்ஸ் செய்து கடைக்கு வருவதற்குள் வெளியாவதில் ஏறக்குறைய பாதி. இரண்டு ஆண்டுகளில் ஒரு ஜீன்ஸை வாங்காமல் விட்டாலே இரண்டு ஆண்டுத் திங்கட்கிழமைகளின் பலன் கிடைத்துவிடும்.

இந்த அறிவுரை யார் தலையில் விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019-ம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 299 நிமிடங்களை அதில் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடங்கள். துணி துவைப்பது அந்த 299-க்குள் அடங்கிய வேலை. சித்திரை வெயிலில் பேருந்தில் நின்று வேலைக்குப் போய் வரும் மனிதரிடமும் வியர்வையில் ஊறிய பள்ளிச் சீருடையைத் துவைக்கும் தாயிடமும், பூமிக்காகத் துவைப்பதைக் குறையுங்கள் என்று சொல்வது அறியாமை. நம் தட்பவெப்பத்தில் துவைத்து உடுத்துவது சுகாதாரம். அதில் குற்ற உணர்வை ஏற்றும் உரிமை எந்த ஆடை நிறுவனத்துக்கும் கிடையாது.

பனியன் வரும் வழி

ஆலை வேலையைத் தொலைவில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. நாட்டின் நூற்புத் திறனில் கிட்டத்தட்டப் பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூர் இங்கே இருக்கிறது. பஞ்சில் பெரும்பகுதி குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் லாரியில் வருகிறது.

வயலிலும் கார்பன் உண்டு. யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகிறது. வயலில் இட்ட தழைச்சத்தில் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மாறிக் காற்றில் கலக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் அது கார்பன் டை ஆக்சைடைப்போலச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இருந்தாலும் ஒரு உடையின் மொத்தக் கணக்கில் வயல் சிறுபங்குதான். லீவைஸ் அட்டவணையில் அது பத்தில் ஒன்றுகூட இல்லை.

நூற்பாலைக்குள் நுழைந்தால் கணக்கு மாறுகிறது. மில்காரர்கள் நாள்தோறும் பார்க்கும் எண் ஒன்று உண்டு. யு.கே.ஜி. என்பார்கள். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஆயிற்று என்பதே அது. ப்ளோரூமில் பஞ்சு பிரிவதிலிருந்து கார்டிங், கோம்பிங், ஸ்பின்னிங், கோன் வைண்டிங் வரை ஒவ்வொன்றும் மோட்டாரில் ஓடுகிறது. நூல் அறுந்துபோகாமல் இருக்க ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிபிகேஷன் கருவியும் கூடவே ஓடுகிறது. நாற்பதாம் நம்பர் நூலுக்கு மூன்று முதல் நான்கு யூனிட் ஆகும். 180 கிராம் எடையுள்ள ஒரு பனியனுக்கு, கட்டிங் வேஸ்ட் போக, கால் கிலோ நூல் வேண்டும். மூன்றரை யூனிட் என்று வைத்தால் 0.87 யூனிட். மின்தொகுப்பு மின்சாரமானால் 600 கிராம் கார்பன் டை ஆக்சைடு. வீட்டு இயந்திரத்தில் அந்த பனியனை 85 முறை துவைக்கும் மின்சாரத்தின் கார்பன், அது நூலாகும்போதே வெளியாகிவிட்டது. பின்னலும் சாயமும் தையலும் இன்னும் தொடங்கவில்லை.

அடுத்தது சாயப்பட்டறை. ஒரு கறுப்பு பனியன் துணி அங்கே என்ன பாடு படுகிறது என்று பாருங்கள். பின்னிவந்த துணியைக் கயிறுபோலச் சேர்த்து சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் ஏற்றுகிறார்கள். முதலில் காஸ்டிக் சோடாவும் பெராக்சைடும் கலந்த நீரில், கொதிநிலைக்கு இரண்டு டிகிரி குறைவான சூட்டில், பருத்தியின் மெழுகையும் பழுப்பையும் எடுக்கிறார்கள். அந்த நீரை வடித்துவிட்டு அலசுகிறார்கள். பிறகு புதுநீர், உப்பு, சாயம், சோடா உப்பு சேர்த்து அறுபது டிகிரியில் சாயமேற்றுகிறார்கள். துணியில் ஒட்டாத சாயம் போக மீண்டும் அலசுகிறார்கள். தொண்ணூறு டிகிரிக்கு மேல் சோப் வாஷ், மறுபடி அலசல். அடர்நிறம் என்றால் இந்த அலசல் கூடிக்கொண்டே போகும், ஒரு முழு ஷிஃப்ட் ஓடிவிடும். சூடான ஒவ்வொரு குளியலும் பாய்லர் அனுப்பும் நீராவியால் சூடாகிறது, பிறகு வடிகாலுக்குப் போகிறது. கடைசியில் ஸ்டென்டரில் 150 டிகிரி காற்றில் துணி உலர்கிறது. நம் வீட்டில் ஒருமுறைகூட வெந்நீர் காணாத அந்தக் கறுப்பு பனியன், கடைக்கு வருமுன் பலமுறை கொதிக்கும் நீரில் கிடந்து, அடுப்புச் சூட்டில் உலர்ந்து வந்திருக்கிறது. வெந்நீரில் துவைக்காதீர்கள், டிரையரில் போடாதீர்கள் என்ற அறிவுரை அந்தத் துணியில்தான் தைக்கப்படுகிறது.

பாய்லரில் எரிவது விறகு அல்லது நிலக்கரி. விறகானால் கார்பன் கணக்கில் பூஜ்யம் என்று போட்டுக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. எரித்த மரத்துக்கு ஈடாக மரம் வளர்ந்தால்தான் அந்தப் பூஜ்யம் செல்லும். விறகு எந்த மாவட்டத்தில் வெட்டப்பட்டது, வெட்டிய இடத்தில் என்ன வளர்கிறது என்று கேட்காமல் போடும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை.

இதில் நொய்யல் ஆற்றின் கதையும் சேர்கிறது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழ்ப்பகுதி விவசாயம் அழிந்தது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற விதியை நிறைவேற்றிய பட்டறைகளே பின்னர் திறந்தன. கழிவுநீரைச் சுத்திகரித்து, எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நல்ல நீரைப் பிரித்து, எஞ்சும் உப்புநீரை ஆவியாக்கிகளில் கொதிக்கவைத்து உப்பை மீட்கிறார்கள். நீர் திரும்பப் பயன்படுகிறது, உப்பும் திரும்பப் பயன்படுகிறது. ஆனால் கொதிக்கவைக்க நீராவி வேண்டும், சவ்வுகளில் நீரைத் தள்ள மின்சாரம் வேண்டும். ஆற்றைக் காப்பாற்றிய முறை அதிக எரிபொருளைக் கேட்கிறது. இதைக் காட்டி அந்த விதியைத் தளர்த்தச் சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். ஆறு பேரத்துக்கு உரியது அல்ல. அந்த எரிபொருளைச் சுத்தமானதாக மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதே விவாதத்துக்குரிய கேள்வி. திருப்பூர் பனியனை உடுத்தும் உலகம் அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அப்படியொரு விதியே இல்லாத ஊர்களின் விலையோடு ஒப்பிட்டுத் திருப்பூரின் விலையை இறக்கக் கேட்கிறது.

ஆர்டர் தாளில் எழுதப்படும் கார்பன்

பாய்லர் தானாகப் புகைவதில்லை. விலையும் நாளும் குறித்து வரும் ஆர்டர்தான் அதை மூட்டுகிறது. நிறத்தைக் கடைசி வாரத்தில் மாற்றுவது, சாம்பிளுக்கு மேல் சாம்பிள் கேட்பது, துணி ஒப்புதலைத் தாமதித்துவிட்டுக் கப்பல் தேதியை மட்டும் மாற்ற மறுப்பது ஆகியவை பனியன் கம்பெனிகள் அன்றாடம் சந்திக்கும் சங்கதிகள். சாயம் ஒரு சாயல் தவறினால் துணி மறுபடி இயந்திரத்துக்குள் போகிறது. தேதி தவறினால் சரக்கு தூத்துக்குடிக் கப்பலுக்குப் பதில் விமானத்தில் ஏறுகிறது. பெரும்பாலும் ஏற்றுமதியாளர் செலவில்.

விமானச் சரக்கின் கார்பன், கப்பலைவிடப் பல பத்து மடங்கு. சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு கிலோ சரக்கை விமானத்தில் அனுப்பினால் சுமார் நான்கு கிலோ கார்பன் டை ஆக்சைடு. கிலோவுக்கு ஐந்து பனியன் என்றால் பனியனுக்கு 800 கிராம். நம் வீட்டு இயந்திரம் நூறு முறைக்கு மேல் துவைப்பதற்குச் சமமான கார்பன் ஒரே இரவில் வானத்தில் கரைகிறது. அந்த பனியன் போய்ச் சேரும் கடையில், குளிர்ந்த நீரில் துவைத்துப் பூமியைக் காக்கவும் என்ற பட்டையோடு தொங்குகிறது.

மாற முடியாது என்றும் யாரும் சொல்ல முடியாது. பஞ்சாலைகள் வரிச்சலுகையைப் பயன்படுத்தித் தொண்ணூறுகளிலிருந்தே காற்றாலை நிறுவின. பல்லடம், உடுமலை, கயத்தாறு, முப்பந்தல் என்று ஆடிக்காற்று வீசும் வழியெல்லாம் அவை சுழல்கின்றன. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பிரிட்டனின் கான்டினென்டல் குளோத்திங் நிறுவனம், இயற்கை விவசாயப் பருத்தியையும் இந்தியாவின் காற்றாலை மின்சாரத்தையும் வைத்துச் செய்த எர்த்பாசிட்டிவ் பனியன்களில் கார்பன் தடத்தை 90 சதவீதம் அளவுக்குக் குறைத்ததாக 2000-களின் இறுதியிலேயே அறிவித்தது. அந்தக் குறைப்புக்கு நுகர்வோரின் சலவைத் தொட்டியில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. மாறியவை பஞ்சு விளைந்த வயலும் ஆலைக்கு வந்த மின்சாரமும்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. காற்றாலை நூற்பாலையின் கணக்கைத் தீர்க்கும், பாய்லரின் கணக்கைத் தீர்க்காது. பாய்லருக்கு வேண்டியது வெப்பம். வடிந்து போகும் சூடான நீரின் வெப்பத்தைப் புதுநீருக்கு மாற்றும் கருவிகள், குறைந்த நீரில் சாயமேற்றும் இயந்திரங்கள், நீராவியைச் சுருக்கி மறுபடி பயன்படுத்தும் ஆவியாக்கிகள் எல்லாம் சந்தையில் உள்ளவைதான். எல்லாவற்றுக்கும் முதலீடு வேண்டும். அடுத்த சீசனுக்கு ஆர்டர் வருமா என்று தெரியாத ஜாப் ஒர்க் பட்டறைக்காரர் வங்கிக் கடனில் அதை வாங்கமாட்டார். ஐந்தாண்டு ஒப்பந்தமும் நியாயமான விலையும் கொடுத்துப் பாருங்கள், வாங்குவார். வாடிக்கையாளருக்கு அறிவுரை அச்சிடும் நிறுவனங்களின் கையில்தான் அந்த ஒப்பந்தம் இருக்கிறது.

எதிர்வாதங்கள்

பருத்தியை விட்டு பாலியஸ்டருக்கு மாறலாமே என்று ஒரு வாதம் வரும். பாலியஸ்டர் பெட்ரோலியத்தில் பிறக்கிறது, கிலோவுக்குக் கிலோ பருத்தியைவிட அதிகக் கார்பனோடு பிறக்கிறது, 130 டிகிரியில் அழுத்தத்தில் சாயமேறுகிறது, துவைக்கும்போது நுண்பிளாஸ்டிக்கை உதிர்க்கிறது. இழைகளை ஒப்பிட்ட ஹிக் அட்டவணை பாலியஸ்டரைப் பருத்தியைவிடப் பசுமையானதாகக் காட்டியது. அந்தத் தரவை வைத்து விளம்பரம் செய்வது வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் என்று நார்வேயின் நுகர்வோர் அமைப்பு 2022-ல் தீர்ப்பளித்தது. இழையை மாற்றினாலும் அதே மின்சாரமும் அதே பாய்லரும்தான் அடுத்துக் காத்திருக்கின்றன.

இயற்கை விவசாயப் பருத்தி வாங்கினால் போதாதா என்று இன்னொரு கேள்வி. மண்ணுக்கும் விவசாயிக்கும் அது நல்லது, யூரியாவின் கார்பனும் குறையும், ஆதரிக்க வேண்டியதே. ஆனால் நிலக்கரி மின்சாரத்தில் நூற்று, நிலக்கரிப் பாய்லரில் சாயமேற்றிய இயற்கைப் பருத்தி, கார்பன் கணக்கில் பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை. பருத்தி என்றாலே பசுமை என்று நினைப்பவர்களும் இதே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். செடியில் வெடித்த பஞ்சுக்கும் நம் அலமாரியில் தொங்கும் சட்டைக்கும் நடுவே ஒரு பெரும் தொழிற்சாலை உலகம் இருக்கிறது.

நகரங்கள் மாறிவருகின்றனவே, வெந்நீர் இயந்திரமும் டிரையரும் வருகின்றனவே என்பது நியாயமான எதிர்வாதம். அவற்றை வாங்கியவர்களுக்கு அந்தப் பட்டையின் அறிவுரை முழுமையாகப் பொருந்தும். அவர்கள் ஏன் வாங்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று விதி போடும் அடுக்ககங்களும், மொட்டைமாடியைப் பூட்டிவைக்கும் சங்கங்களும் சென்னையில் பெருகிவிட்டன. வெயில் கொட்டிக் கிடக்கும் ஊரில் மின்சாரத்தால் துணி காயவைக்கும் நிலையைக் கட்டட விதி உருவாக்குகிறது. கொடி கட்ட இடம் விடாத கட்டடத்துக்கு ஒப்புதல் தரக்கூடாது என்று உள்ளாட்சிகள் ஒரு வரி சேர்த்தால், ஆயிரம் விழிப்புணர்வுச் சுவரொட்டிகளைவிட அது பலன் தரும்.

அப்படியானால் உடுத்துபவருக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. எத்தனை உடை வாங்குகிறோம், எத்தனை ஆண்டு உடுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. 2000-க்கும் 2015-க்கும் இடையில் உலகின் ஆடை உற்பத்தி ஏறக்குறைய இரட்டிப்பானது என்றும், ஓர் உடையைத் தூக்கிப்போடுவதற்குள் உடுத்தும் தடவைகள் 36 சதவீதம் குறைந்தன என்றும் எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-ல் கணக்கிட்டது. நூற்பதிலும் சாயமேற்றுவதிலும் வெளியான கார்பன் உடுத்தும் தடவைகளால் வகுபடும். இரண்டு மடங்கு நாள் உடுத்தினால் ஒரு தடவைக்கான சுமை பாதியாகும். அண்ணன் சட்டையைத் தம்பி போடுவதும், கிழிந்த இடத்தில் ஒட்டுப்போடுவதும், பழைய வேட்டியைக் கைத்துணியாக்குவதும் நம் வீடுகளில் வறுமையால் மட்டும் நடந்தவை அல்ல. பொருளின் உழைப்பை மதித்ததால் நடந்தவை. ஆடை நிறுவனங்கள் இதை உரக்கச் சொல்லமாட்டா. குறைவாகத் துவையுங்கள் என்று சொன்னால் விற்பனை குறையாது. குறைவாக வாங்குங்கள் என்று சொன்னால் குறையும். பட்டையில் முதல் அறிவுரை மட்டும் அச்சாவதற்குக் காரணம் இதுதான்.

கேட்க வேண்டியவை

உடையின் பட்டையில் சலவைக் குறிகளோடு இன்னும் இரண்டு தகவல்கள் அச்சாக வேண்டும்: நூற்ற மின்சாரம் எது, சாயமேற்றிய பாய்லரில் எரிந்தது எது. ஆலையிலும் பட்டறையிலும் இந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது, மின்கட்டண ரசீதும் விறகு லாரியின் எடைச்சீட்டும் இருக்கின்றன. வாங்கும் நிறுவனங்கள் நீண்டகால ஒப்பந்தம் தந்து, பட்டறைகளின் வெப்பச் சீரமைப்புச் செலவில் பங்கேற்க வேண்டும். தங்கள் தாமதத்தால் சரக்கு விமானமேறினால் அந்தச் செலவும் கார்பனும் தங்கள் கணக்கில் ஏற வேண்டும். காற்றாலைகளைப் புதுப்பிக்கத் தமிழக அரசு 2024-ல் வெளியிட்ட கொள்கை, கோப்பிலிருந்து இறங்கிக் களத்துக்கு வர வேண்டும். காற்று வீசும் மாதங்களில் உற்பத்தியாகும் மின்சாரத்தை முழுதும் வாங்கிக்கொள்ளும் மின்தடங்கள் வேண்டும். பட்டறைகள் கூட்டாகச் சுத்திகரிப்பு நிலையம் நடத்துவதைப்போல, சுத்தமான எரிபொருளில் கூட்டாக நீராவி உற்பத்தி செய்யவும் அரசு கைகொடுக்க வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வியர்த்த துணியைத் தயங்காமல் துவையுங்கள், வெயிலில் காயவையுங்கள், வாங்கிய உடையைக் கிழியும்வரை உடுத்துங்கள். அடுத்த முறை ஒரு கடையிலோ நிறுவனத்தின் விளம்பரத்திலோ பூமிக்காகக் குறைவாகத் துவையுங்கள் என்ற அறிவுரையைக் கண்டால், இந்தத் துணிக்குச் சாயமேற்றிய பாய்லரில் என்ன எரிந்தது என்று எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.